படகு ஓவியத்தைத் திருப்பிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் இருக்கும் பழைய எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பற்றி எழுதும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்து, படகு வரைந்த ஓவியங்களைப் பற்றியவை. அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமனார் 1950-களிலும் 60-களிலும் மதராஸில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்து மாற்றலாகி வந்தபோது அவர் கொண்டுவந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் கூடத்தில் தொங்குகிறது. மணலில் ஏற்றி வைத்த ஒற்றைப் படகு. பின்னால் கருநீலப் பட்டையாகக் கடல். ஆள் யாரும் இல்லை. எதையும் நுணுக்கமாக வரையாமல் பெரிய பெரிய வண்ணத் திட்டுகளாகப் போட்டிருக்கிறார். அகலம் 30 அங்குலம், உயரம் 24. வலது கீழ்மூலையில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளும் 61 என்ற எண்ணும் உள்ளன. முதல் எழுத்து 'கே' போலத் தெரிகிறது. ஃபிரேம் கடைக்காரர் ஒருவர் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். என் மைத்துனரோ இது கே.சி.எஸ். பணிக்கர் வரைந்தது, பல லட்சம் பெறும் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அளவு, நிறம், கையொப்பம் எல்லாவற்றையும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஓவியத்தின் முதுகில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினைந்தாயிரம் சொன்னவரும் லட்சம் சொன்னவரும் அதைத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே இரண்டு விலைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள். வண்ணம் எங்கேயும் பொருக்காகத் தூக்கிக்கொண்டு நின்றால் குப்புறப் படுக்க வைக்காதீர்கள். சுவரோடு சாய்த்து நிறுத்திப் பின்பக்கத்தைப் பாருங்கள். வண்ணம் உறுதியாக இருந்தால், மேசை மேல் மெத்தென்ற சுத்தமான துணியை விரித்துக் கவிழ்க்கலாம்.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது காகிதம். ஃபிரேம் கடையின் முகவரிச் சீட்டு, கண்காட்சிச் சீட்டு, பென்சிலில் எழுதிய விலை, யாரோ குறித்த ஒரு பெயர் என எதுவாக இருந்தாலும் அதுதான் உங்கள் முதல் சாட்சி. முகவரியில் 'மதராஸ் – 4', 'மதராஸ் – 2' என்று ஓரிலக்க வட்ட எண் மட்டும் இருந்தால், அந்தச் சீட்டு பெரும்பாலும் பின்கோடு வருவதற்கு முந்தையது. ஆறிலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 'சென்னை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிந்தையது. மாநிலத்தின் பெயர் ஆங்கிலத்தில் 'தமிழ்நாடு' என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பிறகு அச்சானது என்று கொள்ளலாம். விலை ரூபாய், அணா, பை என்று மூன்று பகுதிகளாக எழுதப்பட்டிருந்தால், 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முன்போ அதையொட்டியோ எழுதியது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. உங்கள் ஓவியத்தில் உள்ள 61 என்ற எண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான துணைச்சாட்சி கிடைக்காது. மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதமி 1954-இல் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து தேசியக் கண்காட்சிகளை நடத்தியது. அத்தகைய கண்காட்சி ஒன்றின் சீட்டு ஒட்டியிருந்தால், அதில் ஓவியர் பெயர், தலைப்பு, விலை மூன்றும் இருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபிரேம் சீட்டு ஃபிரேம் போட்ட காலத்தைத்தான் சொல்லும். வரைந்த காலத்தைச் சொல்லாது. 1961-இல் வரைந்ததை 1975-இல் வேறு சட்டத்துக்கு மாற்றியிருக்கலாம். ஆகவே ஒரு சீட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், கிடைக்கும் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், உறவுக்காரர் வீட்டு ஓவியம் ஒன்றை, சட்டம் உளுத்துப்போயிருந்ததால், மாற்றுவதற்காக ஒரு கடையில் கொடுத்தேன். பின்னால் இருந்த அட்டையைக் கழற்றாமல், ஒரு படம்கூட எடுக்காமல் கொடுத்தேன். புதுச் சட்டத்தோடும் புது அட்டையோடும் ஓவியம் பளபளவென்று வந்தது. பழைய அட்டையில் ஓவியர் தம் கையால் நான்கு வரி எழுதியிருந்தார் என்பதை அந்த வீட்டுப் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஓடிப்போய்க் கேட்டபோது அட்டை குப்பைக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த ஓவியம் இன்னார் வரைந்தது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்தக் கடையில் கொடுப்பதானாலும் பின்பக்கத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பழைய அட்டை, பழைய ஆணி, பழைய சட்டம் மூன்றையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, துணியையும், அதை இழுத்துக் கட்டியிருக்கும் உள்சட்டத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து மதராஸில் நல்ல இறக்குமதி கேன்வாஸ் எளிதில் கிடைக்கவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1957-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. காடாத் துணியை இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளையும் பூசித் தாமே தயாரித்துக்கொண்ட ஓவியர்கள் இருந்தார்கள். ஹார்டுபோர்டில் வரைந்தவர்களும் உண்டு. ஆகவே துணி முரடாக இருப்பதையோ, உள்சட்டம் தச்சர் கைவேலையாக இருப்பதையோ கண்டு மட்டமான ஓவியம் என்று எண்ணிவிடாதீர்கள். துணியின் விளிம்பைச் சிறிய ஆணிகளால் அடித்திருக்கிறார்களா, ஸ்டேப்பிள் பின்களால் அடித்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். துருவேறிய ஆணியும் அதைச் சுற்றித் துணியில் ஊறிய பழுப்பு வளையமும் ஒரே நாளில் உண்டாவதில்லை. துணியின் பின்பக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேநீர் நிறத்தில் இருந்தால் மட்டும் சற்றுச் சந்தேகப்படுங்கள். இயல்பாக வயதான துணியில், உள்சட்டக் கட்டை மறைத்திருந்த இடம் வெளுப்பாகவும் மற்ற இடம் மங்கலாகவும் இருக்கும்.

இனி முன்பக்கம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டில், பரப்போடு பரப்பாகப் பிடித்துப் பாருங்கள். தூரிகை போன தடம், தட்டைக் கத்தியால் வண்ணத்தை இழைத்த மேடு, பிறகு யாராவது திருத்திய இடம் எல்லாம் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும். சாதாரண வெளிச்சத்தில் வெறும் மஞ்சள் மணலாகத் தெரிந்த இடத்தில், ஓவியர் முதலில் வரைந்து பிறகு மூடிவிட்ட இன்னொரு படகின் விளிம்பைக் கண்டிருக்கிறேன். மனம் மாறி வரைந்த அந்தத் தடம் ஒரு நல்ல அடையாளம். இன்னொரு ஓவியத்தைப் பார்த்து நகல் எடுப்பவருக்கு எதை எங்கே வைப்பது என்ற தயக்கம் அவ்வளவாக இருப்பதில்லை.

கையொப்பத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். அறுபது ஆண்டு எண்ணெய் வண்ணத்தில் நூல் போன்ற வெடிப்புகள் இருக்கும். வெடிப்பு கையொப்பத்தையும் அறுத்துக்கொண்டு போனால், கையொப்பமும் ஓவியமும் சேர்ந்தே வயதாகியிருக்கின்றன. கையொப்பத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், வெடித்த பிறகு யாரோ எழுதியது. புற ஊதா டார்ச் கிடைத்தால் இன்னும் தெளிவாகும். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் அந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மங்கி ஒளிரும். அதன் மேல் பின்னாளில் பூசிய திருத்தங்கள் கரிய திட்டுகளாகத் தெரியும். கையொப்பம் அப்படி வார்னிஷ் மேல் கரியதாக மிதந்தால் கவலைப்பட வேண்டியதுதான். துணியோ சீட்டோ பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் ரசாயனம் உண்டு என்று பொருள். அந்த ரசாயனங்கள் 1950-களிலிருந்துதான் பரவலாயின. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் நிறமிகளைச் சோதிக்கச் சொல்லி யாராவது பெரும் கட்டணம் கேட்டால் அவசரப்படாதீர்கள். டைட்டானியம் வெள்ளை 1920-களிலிருந்தே கடைக்கு வந்துவிட்டது. தாலோ நீலம் என்ற செயற்கை நிறமி 1935-இல் வந்தது. 1961 என்று தேதியிட்ட ஓவியத்தில் அவை இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. 1900-இல் வரைந்தது என்று சொல்லப்படும் ஓவியத்துக்குத்தான் அந்தச் சோதனை கத்தி போல் பயன்படும். உங்கள் ஓவியத்தில் பயனுள்ள கேள்வி ஒன்றுதான்: அது உண்மையிலேயே எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா? தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணம் அமெரிக்கச் சந்தைக்கே 1950-களின் நடுவில்தான் வந்தது. 1961-இல் மதராஸ் ஓவியர் ஒருவர் கையில் அது இருந்திருப்பது அரிது.

படகையும் படிக்கலாம். நம் ஓவியங்களை விலை மதிப்பிடுபவர்கள் இதை அநியாயமாக விட்டுவிடுகிறார்கள். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்துக்கு வயிறு கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த உயரமான மசூலாப் படகு வேறு. கேரள உப்பங்கழியில் போகும் வள்ளத்தின் நீண்ட அணியம் (முன்பகுதி) வேறு. இவற்றைப் பார்த்தே ஓவியர் எந்தக் கரையில் நின்று வரைந்தார் என்று ஊகிக்க முடியும். நவீன ஓவியர் நுணுக்கத்தை விட்டுவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் கரையில் நின்று பார்த்தவர் விடுவதற்கும், பார்க்காதவர் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. மரங்களின் கட்டுக்கயிறு எங்கே விழுகிறது, மணலில் படகு எந்தச் சாய்வில் அமர்கிறது என்பதை இரண்டே கோட்டில் சரியாகப் போட்டிருந்தால் அது கண்ணால் கண்டவர் கோடு. மாறாக, இப்போது கரையெங்கும் கிடக்கும் கண்ணாடியிழைப் படகின் வடிவம் தெரிந்தால், 61 என்ற எண்ணை நம்ப முடியாது.

இப்போது உங்கள் மைத்துனர் சொன்ன பெயருக்கு வருகிறேன். பணிக்கர் 1911-இல் பிறந்து 1977-இல் மறைந்தவர். மதராஸில் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர்; தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957 முதல் 1967 வரை எழும்பூரை ஒட்டிய அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர்; 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். இளமையில் அவர் கேரள நீர்நிலைக் காட்சிகளை நிறைய வரைந்தார் என்பதால், படகு என்றதும் அவர் பெயரைச் சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் அவற்றில் பல நீர்வண்ணங்கள். அவர் வாழ்வின் முற்பகுதியைச் சேர்ந்தவை. 1954-இல் ஐரோப்பா சென்று வந்த பின் அவர் வழி மாறிக்கொண்டே போனது; 1963-இல் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த வரிசையைத் தொடங்கிவிட்டார். 1961 என்பது அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். அந்த ஆண்டில் அவர் ஒரு படகை வரைந்திருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் 'கே' என்ற ஓர் எழுத்தை மட்டும் வைத்து அவர் பெயரை ஒட்டுவதற்கில்லை. அச்சான ஓவிய நூல்களில் அவருடைய 1958 முதல் 1962 வரையிலான ஓவியங்களையும், அவற்றில் உள்ள கையொப்பத்தையும் எடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தப் பத்தாண்டில் ஓவியப் பள்ளியைச் சுற்றி எத்தனை திறமைசாலிகள் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தனபால், முனுசாமி, சந்தானராஜ், ரெட்டப்ப நாயுடு, சுல்தான் அலி என்று ஆசிரியர்களும் மூத்தவர்களும். அவர்களிடம் பயின்று பிறகு பெயர் பெற்ற ஆதிமூலம், பாஸ்கரன் போன்றோர். பயின்றும் வெளியில் தெரியாமலே பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களாகவும் விளம்பர நிறுவனங்களில் ஊழியர்களாகவும் போய்விட்ட பலர். கடற்கரை பள்ளிக்கு எட்டிய தொலைவில் இருந்தது. மாணவர்கள் படகு வரைந்தது இயல்பு. உங்கள் ஓவியம் அந்தக் கடைசி வகையைச் சேர்ந்த ஒருவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். அதனால் அது தாழ்ந்தது என்று ஆகிவிடாது. பெயர் தெரியாதவர் வரைந்த நல்ல ஓவியங்களை நம்மவர்கள் பரணில் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

விலை விஷயத்தில், 'இதன் மதிப்பு என்ன' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. காப்பீட்டுக்காகக் குறிப்பது, அதே போன்ற ஒன்றை மறுபடி கடையில் வாங்க ஆகும் தொகை. அது உயரமாக இருக்கும். விற்க விரும்புபவரும் வாங்க விரும்புபவரும் அவசரமின்றி ஒத்துக்கொள்ளும் தொகை சந்தை மதிப்பு. ஏல நிறுவனம் கொடுப்பது குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற ஒரு மதிப்பீட்டு வரம்பு. அது வாக்குறுதி ஆகாது. ஏலத்தில் வாங்குபவர் கூடுதல் கட்டணமும் செலுத்துவார். செய்தித்தாளில் வரும் தொகை பெரும்பாலும் அதையும் சேர்த்தது. விற்றவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஆகவே ஒப்பிடும்போது, அதே ஓவியர், அதே ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), ஏறக்குறைய அதே ஆண்டு, அதே அளவு என்று பாருங்கள். கேட்ட விலையை விட்டுவிட்டு, விற்ற விலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஃப். ஹுசேன் போன்ற பம்பாய் முற்போக்கு ஓவியர் குழுவினருக்குக் கிடைக்கும் விலையை மதராஸ் ஓவியர்களுக்குப் பொருத்திப் பார்ப்பது ஏமாற்றத்தில்தான் முடியும்.

ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: எம்.எஃப். ஹுசேன் 1954-இல் வரைந்த 'கிராம யாத்திரை' என்ற ஓவியத்தை அந்த ஆண்டே டெல்லியில் ஒரு மருத்துவர் வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார். அது 1964-இல் ஆஸ்லோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து பல்லாண்டு அங்கேயே இருந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, கூடுதல் கட்டணம் உட்பட 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. ஹுசேனின் பெயரும் அந்த ஓவியத்தின் பெரிய அளவும் முதல் காரணங்கள் என்றாலும், வரைந்த நாளிலிருந்து எங்கெங்கே இருந்தது என்று ஐயமில்லாமல் காட்ட முடிந்ததும் வாங்கியவருக்குத் துணிவு கொடுத்திருக்கும். உங்கள் மாமனார் அதை யாரிடம், எந்த ஆண்டு, எப்படி வாங்கினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு, தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பழைய கூடத்துப் புகைப்படம் ஒன்றில் பின்னால் அந்த ஓவியம் தெரிந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். கல்யாண ஆல்பத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

ஃபிரேம் கடைக்காரரிடம் இப்போது விற்க வேண்டாம். வாங்க விரும்புபவர் சொல்லும் தொகை மதிப்பீடு ஆகாது. மதிப்பீட்டாளரிடம் போகும்போதும், ஓவியத்தின் விலையில் விழுக்காடாகக் கட்டணம் கேட்பவரைத் தவிர்த்து, ஓவியத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கி எழுத்தில் அறிக்கை தருபவரை நாடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் படகு ஓவியம் புகை படிந்து மஞ்சளாகிவிட்டது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் சுத்தமாகும் என்கிறார்கள். பிறகு தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்குமாம். செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உருளைக்கிழங்கின் ஈரமும் மாவும் வெடிப்புகளுக்குள் இறங்கிப் பூஞ்சைக்கு உணவாகும். அடியில் உள்ள பசைப்பூச்சு ஈரத்தில் ஊதி, வண்ணம் செதிலாக உதிரும். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். ஓவியர் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகுவது போல் அது இறுகாது. பிசுபிசுவென்று நின்று நாகர்கோவில் காற்றில் உள்ள தூசியையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் அதை எடுப்பதற்குள் வண்ணமும் சேர்ந்து வரும்.

வண்ணம் உறுதியாக இருந்தால், மிக மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டலாம். மஞ்சள் நிறம் பெரும்பாலும் வார்னிஷ் பழுத்ததால் வருவது. அதை நீக்குவது பயிற்சி பெற்றவர் வேலை. பெங்களூரில் உள்ள இன்டாக் (கலை, பண்பாட்டு மரபைக் காக்கும் தேசிய அறக்கட்டளை) அமைப்பின் ஓவியப் பாதுகாப்பு மையம் போன்ற இடங்களில் கேளுங்கள். சுத்தம் செய்த பிறகு மதிப்பீடு செய்யலாம் என்று நினைப்பதும் தவறு. அழுக்கோடு இருக்கும் நிலையில்தான் மதிப்பீட்டாளர் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: பழைய பொருள் கடையில் கேன்வாஸில் ஒரு படகு ஓவியம் வாங்கினேன். அச்சா, கையால் வரைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், மதுரை

பதில்: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பாருங்கள். சிறு சிறு வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. சில அச்சுகளின் மேல் நிறமில்லாத பசையைத் தூரிகைத் தடம் போல் பூசியிருப்பார்கள். அந்தத் தடம் கீழே உள்ள படகின் கோட்டோடு ஒத்துப்போகாமல் தன் போக்கில் குறுக்கே ஓடும். அதைக் கண்டால் ஐயமே வேண்டாம்.

கேள்வி: என் தந்தையார் 1950-களில் கொழும்பில் வாங்கிய ஒரு கடற்கரை ஓவியம் எங்களிடம் உள்ளது. பக்கத்தில் மிதவைக்கட்டை பொருத்திய படகும், பழுப்பு நிறப் பெரிய பாயும். கையொப்பம் இல்லை. இதையும் மதராஸ் ஓவியம் என்று சொல்லலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சொல்லக் கூடாது. பக்கக்கட்டை பொருத்திய அந்த வள்ளம், நீர்கொழும்புக் கரையில் காணும் 'ஒருவ' வகை. சதுரமான பழுப்புப் பாயும் அதற்கே உரியது. கொழும்பில் 1943-இல் உருவான, நவீன ஓவியர்களின் '43 குழு'வின் காலம் அது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல் முதலானோர் அதில் இருந்தார்கள். ஐவன் பீரிஸ் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் தெகிவளைக் கடற்கரையைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். இதனால் உங்கள் ஓவியம் அவருடையது என்று ஆகிவிடாது. எங்கே ஒப்பிடத் தொடங்கலாம் என்பதற்கு வழி கிடைக்கிறது, அவ்வளவே. கொழும்பில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் உள்ள சபுமல் அறக்கட்டளையின் தொகுப்பை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் ஓவியத்தின் முன், பின், ஓரம் ஆகியவற்றின் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். கையொப்பம் இல்லை என்பதற்காக இப்போது யாரிடமும் கொடுத்துப் பெயர் எழுதி வாங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நேர்மையான ஓவியம் ஒன்று போலியாகிவிடும்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1964-ஆம் ஆண்டுப் படகு ஓவியத்தை மூன்று பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை அதை எடுத்துப்போக விரும்புகிறாள். விற்றால் வரி உண்டா? அதைக் காலண்டரில் அச்சிடலாமா? ஓவியர் பெயர் தெரியும். அவர் 1990-களில் காலமானார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பங்கீட்டுக்குச் சந்தை மதிப்பைத்தான் எடுக்க வேண்டும், காப்பீட்டுத் தொகையை எடுத்தால் ஓவியத்தை வைத்துக்கொள்பவர் மற்ற இருவருக்கும் அதிகமாகக் கொடுக்க நேரிடும். மூவரும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்தி, எந்த நாளின் மதிப்பு என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

வருமானவரிச் சட்டம் ஓவியங்களை வீட்டுச் சாமான்களோடு சேர்ப்பதில்லை. அவை மூலதனச் சொத்து, விற்ற லாபத்துக்கு வரி உண்டு. மரபுவழி வந்த பழைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த நியாயமான மதிப்பை அடக்க விலையாகக் கொள்ள இடமுண்டு. ஆகவே மதிப்பீட்டாளரிடம் இன்றைய மதிப்பை மட்டுமின்றி அந்த நாளின் மதிப்பையும் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

வெளிநாடு கொண்டுபோவதைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி ஓர் ஓவியம் தொல்பொருளாவதற்கு நூறு ஆண்டு ஆக வேண்டும், உங்களுடையது ஆகவில்லை. ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், தாகூர் குடும்பத்து மூவர், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக் ஆகிய ஒன்பது பேரின் படைப்புகளைத்தான் கலைச்செல்வங்கள் என்று அறிவித்து வெளியே போகாமல் தடுத்திருக்கிறார்கள். உங்கள் ஓவியர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் தடையில்லை. ஆயினும் விமான நிலையத்தில் ஓவியத்தின் வயதைப் பற்றிக் கேள்வி எழலாம் என்பதால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கித் தங்கையிடம் கொடுங்கள்.

காலண்டர் அச்சிடுவது சரியன்று. ஓவியம் உங்கள் கையில் இருந்தாலும், பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலன்றி அது ஓவியரிடமே இருக்கும். அவர் மறைந்து அறுபது ஆண்டு வரை அவருடைய வாரிசுகளுக்கு உரியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓவியத்தின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, அந்தத் தொகையில் ஒரு பங்கு பெற ஓவியரின் வாரிசுகளுக்கு நம் பதிப்புரிமைச் சட்டம் உரிமை தருகிறது. அந்தப் பங்கு பத்து விழுக்காட்டுக்கு மேற்படாது. விற்பதாக முடிவு செய்தால் அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள். உங்கள் அப்பா அதை வாங்கிய நாளைப் பற்றி அவர்கள் வீட்டுக் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கக்கூடும்.